சாப்பாட்டில் சேராத உப்பு

டெய்லர் வீட்டில் உப்பு இல்லை என்பது தெரு முழுக்கத் தெரிந்த சேதி. வாங்க வக்கில்லாமல் இல்லை, வேண்டுமென்றே இல்லை. உப்பு ஜாடியைக் கழுவித் துடைத்து அதில் சட்டைப் பித்தான்களைக் கொட்டி வைத்துவிட்டார் டெய்லர். அடுப்பும் தையல் மெஷினும் ஒரே ஆளின் ஆட்சியில் இருந்தால் இப்படித்தான் ஆகும். மனைவி விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவதால் கல்யாணமான நாளிலிருந்தே சமையல் அவருடையது. முன்னறையில் மெஷின், பின்னறையில் அடுப்பு. பேண்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டே குழம்பு கொதிப்பதைக் காதால் கேட்டுச் சொல்லிவிடுவார், எந்த நிமிஷத்தில் இறக்க வேண்டுமென்று.

இதில் வேடிக்கை, இந்த வீட்டுக்காரியின் பெயரே உப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். கடற்கரையில் மீனை உப்பில் ஊறவைத்துக் காயப்போடும் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே தொட்டிகளில் உப்புத்தண்ணி கலக்குவதும், எந்தத் தொட்டிக்கு எத்தனை கூடை உப்பு என்று சொல்வதும் அவள் வேலை. அவள் சரி என்றால்தான் மீன் தொட்டியில் இறங்கும். முதலாளிகூட அவளைக் கேட்காமல் ஒரு கைப்பிடி உப்பை எடுத்துப் போட மாட்டார். அதனால் உப்பக்கா.

அந்த வருஷம் வெயில் நன்றாக விழத் தொடங்கிய சமயம், ஒருநாள் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவளுக்குப் பின்மண்டை வலித்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கிலிருந்து ரத்தம். அவள் தங்கச்சியும் அதே கொட்டகையில் மீன் அறுப்பவள். அக்காவை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு டெய்லருக்குப் போன் அடித்தாள். டெய்லர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடினார்.

நர்சம்மா உப்பக்காவின் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. திரும்பவும் அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பிரஷர் ரொம்ப ஏறியிருக்கும்மா" என்றார் டாக்டர். வேகமாகப் பேசுகிற இளவயதுப் பெண். "உப்பு அதிகமானா உடம்பு தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். ரத்தக் குழாய்ல அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். இப்படியே விட்டா இதயம் களைச்சுப் போகும், கிட்னி கெடும். மூளையில குழாய் வெடிச்சுதுன்னா ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். மாத்திரை தரேன், ஒரு நாள் விடாம போடணும். ஆனா மாத்திரை மட்டும் போதாது. சாப்பாட்டுல உப்பைக் குறைக்கணும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கீழதான் இருக்கணும்."

டெய்லரின் காதில் விழுந்தது கை கால் விழுந்துவிடும் என்பது மட்டும்தான். இவள் படுத்த படுக்கையாகிவிட்டால் என்ன செய்வது என்றுகூட அவர் யோசிக்கவில்லை. சாயங்காலம் மீன் வாசனையோடு வாசலில் வந்து நின்று "ஏங்க, பசிக்குது" என்று சொல்ல ஆளில்லாத வீடு ஒன்று கண்முன் வந்து நின்றது. பயந்த மனிதருக்குத் தேக்கரண்டி அளவெல்லாம் புரியாது. வீட்டுக்குப் போனதும் ஜாடியைக் கவிழ்த்துவிட்டார்.

முதல் நாள் ராத்திரி சோறு, உருளைக்கிழங்கு வதக்கல், மீன் குழம்பு. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆள் மகள், செல்போன் கடையில் வேலை பார்ப்பவள். ஒரு வாய் வைத்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அம்மாவுக்குத்தானே பிரஷர்?"

"அம்மா தனியா சாப்பிடணுமா? வீட்டுல ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயமா?"

"நியாயம் சரிதான். வாயில வைக்க முடியலையே."

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோ. மிளகு தூவிக்கோ."

உப்பக்கா சாப்பிட்டுத் தட்டை வழித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'தான்' எவ்வளவு பெரியது என்பது இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா. பாவம், எனக்காகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்தார். அவளோ, பாவம் எனக்காகச் சமைக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

அதன்பிறகு டெய்லர் சமையலில் இறங்கிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பூண்டைச் சுட்டுப் போட்டார். வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்துத் தூவினார். எள்ளை வறுத்துப் பொடித்தார். தக்காளியை வெயிலில் வாட்டினார். சட்டை தைக்க வந்தவர்களிடம் அளவெடுக்கும்போதே "புதினாவை எதுல போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்டார். கை நீளம் எழுத வேண்டிய இடத்தில் இடுப்பளவு முப்பத்திரண்டை எழுதிவிட்டு, அந்தச் சட்டையைப் பிரித்து மறுபடி தைத்தார்.

மகள் தன் பங்குக்குப் பாக்கெட்டுகளின் முதுகைப் படிக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, ரொட்டியில உப்பு இருக்கு."

"ரொட்டியிலயா?"

"பிஸ்கட்லயும் இருக்கு. இனிப்பு பிஸ்கட்ல கூட."

"இனிப்புல எதுக்கும்மா உப்பு?"

"அவங்களத்தான் கேக்கணும். சாஸ்ல ஏகத்துக்கு இருக்கு. சூப் பொடியில அதுக்கு மேல. சிப்ஸ்ல..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். சிப்ஸ் அவளுடையது.

"சிப்ஸ்ல?"

"ஒண்ணும் இல்ல."

எல்லாம் வெளியே போயிற்று. பக்கத்து வீட்டில் குடியிருந்த தங்கச்சிக்கு அந்த வாரம் நல்ல வேட்டை. "அக்கா வீட்டுல பிரஷர் ஏறினா எங்க வீட்டுல கடை வச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட்டுகளை அள்ளிக்கொண்டு போனாள். டெய்லர் அப்படியே நின்று, "நீயும் ஒரு தடவை பிரஷர் பாத்துக்கோ" என்றார்.

இத்தனை பாடும் பட்டு, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டெய்லர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தது. நர்சம்மா அமுக்கினாள். முகம் அதேபோல் மாறியது.

"டெய்லர், உண்மைய சொல்லுங்க. வீட்டுல என்ன சமைக்கறீங்க?"

"உப்பே இல்லாம சமைக்கறேன் நர்சம்மா. சத்தியமா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன தடவைய விட இப்ப கூடியிருக்கே."

டாக்டர் உப்பக்காவிடம், "சாப்பாட்டுல வேற எதுலயாவது உப்பு சேருதா?" என்று கேட்டு, அவள் இல்லை என்றதும் மாத்திரையைக் கூட்டினார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த தடவையும் இறங்கலன்னா வேலைய நிறுத்திட்டு இங்க வந்து படுக்க வேண்டியதுதான். வெயில்ல நின்னு செய்யற வேலை வேற. நான் விளையாட்டுக்குச் சொல்லல" என்றார்.

திரும்பி வரும்போது உப்பக்கா தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வழக்கமாக அவள் முன்னால் போவாள், அவர் பின்னால் ஓடுவார். அன்று அவர் பக்கத்திலேயே அடியெடுத்து வைத்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"வேலைய விட்டுட்டு நான் என்ன பண்றது?" என்றாள் அவள். "வீட்டுல உக்காந்து உங்க பித்தானை எண்ணவா?"

"உயிரோட இருந்து எண்ணு, போதும்."

"மாத்திரை போடறேன். நீங்க குடுக்கறத சாப்பிடறேன். அப்புறமும் ஏறுதுன்னா என் விதி."

"விதிக்கெல்லாம் உப்பு யார் போடறாங்கன்னு பாக்கணும்" என்றார் டெய்லர். சந்தேகம் வந்துவிட்டது. யாரோ ஊட்டுகிறார்கள். அந்த யாரோ, பக்கத்து வீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே மச்சினி வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க மீனைப் பிளக்கிற கத்தி, வாரத்துக்கு ஒருமுறை தீட்டினால்தான் கேட்கும்.

"வாங்க மாமா. மூஞ்சியப் பாத்தா ஏதோ சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு. உக்காந்து போடுங்க."

"உங்க அக்காவுக்கு நீ ஏதாவது குடுக்கறியா?"

"குடுக்கறேனே."

"என்ன குடுக்கற?"

"புத்திமதி. வாங்கிக்கத்தான் மாட்டேங்கறா."

"விளையாடாத. மத்தியானம் கொட்டகையில என்ன திங்கறா அவ?"

"நீங்க கட்டிக் குடுக்கறத. தொறந்தாலே பூண்டு வாசனை அடிக்குது, மீன் வாசனையே அமுங்கிடுது. அதையும் பாதி வச்சுடறா." கத்தியை விரலால் தடவிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அவ சாப்பிடற நிலைமையில இல்ல மாமா. உங்ககிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லலையா?"

"மீன் கெட்டுப் போகுது. ஊறி வெளிய வந்தா கொழகொழன்னு இருக்கு. காயப்போட்டா ஈ மொய்க்குது. வியாபாரி ரெண்டு தடவை மூட்டையோட திருப்பி அனுப்பிட்டார். முதலாளி அக்காவ ஒண்ணும் சொல்லல. அவர் உப்பு வியாபாரிய மாத்திட்டார். புது உப்புலயும் அப்படித்தான் ஆகுது. அக்கா தொட்டிய விட்டு நகர மாட்டேங்கறா. இத்தனை வருஷத்துல ஒரு மீன் கெட்டதில்ல அவ கையில."

டெய்லர் படியில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரிகளில் அவள் புரண்டு புரண்டு படுத்ததை அவர் பிரஷர் என்று நினைத்திருந்தார்.

"சந்தேகமா இருந்தா வந்து பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றாள் மச்சினி. "காசா பணமா."

மறுநாள் காலை டெய்லர் கடையைப் பூட்டினார். போகிற வழியில் முட்டை வாங்கினார், வீட்டில் தீர்ந்திருந்தது. முட்டை விஷயத்தில் அவர் யாரையும் நம்ப மாட்டார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, காதருகே குலுக்கிப் பார்த்து, கடைக்காரர் அலுத்துக்கொண்ட பிறகுதான் காசு கொடுப்பார். துணிப்பையில் முட்டையோடு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் வந்து வருஷக்கணக்காயிற்று. மீன் வாசனை ஒட்டிக்கொண்டால் பேண்டு தைக்கக் கொடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவர் பயம். நீளமான சிமெண்டு மேடையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றார்கள். மீனைத் தூக்கி, முதுகுப் பக்கம் கத்தி ஓட்டி, புத்தகம் மாதிரி விரித்து, குடலை ஒரே இழுப்பில் எடுத்து வாளியில் போட்டார்கள். கை ஒருபக்கம், வாய் ஒருபக்கம். யாரோ ஒருத்தியின் மாமியாரைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் மார்பளவு உயரத்துக்கு உப்புக் குவியல். அதை ஒட்டி வரிசையாகத் தொட்டிகள். வெளியே மணலில் கால் நட்டு வலை கட்டிய தட்டிகள், அவற்றின்மேல் மீன்கள். கடற்காற்று நன்றாகவே அடித்தது. குறை சொல்ல முடியாத வெயில்.

டெய்லர் உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மச்சினி பார்த்துவிட்டாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

உப்பக்கா முதல் தொட்டிக்கு வந்தாள். துடுப்பால் கிளறினாள். விரலைத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடி நின்றாள். "ரெண்டு கூடை" என்றாள். கொட்டினார்கள். கிளறினாள், விரலை முக்கி நாக்கில் வைத்தாள். "அரைக் கூடை." மறுபடி கிளறல், மறுபடி விரல். அடுத்த தொட்டி. அங்கேயும் அப்படியே. மூன்றாவது தொட்டிக்குப் போனவள் ஏதோ நினைத்துக்கொண்டு முதல் தொட்டிக்கே திரும்பி வந்து, விரலை முக்கி நாக்கில் வைத்தாள். முகத்தில் சந்தேகம் போகவில்லை. இந்த முறை உள்ளங்கையில் அள்ளி உறிஞ்சினாள்.

டெய்லர் எழுந்து நேராகப் போனார்.

"என்ன பண்ற நீ?"

"ஏங்க, நீங்க எப்ப வந்தீங்க? கடையப் பூட்டினீங்களா?"

"என்ன பண்றன்னு கேட்டேன்."

"வேலை பண்றேன்."

"வாயில என்ன?"

"நாக்கு" என்றாள் அவள். மேடைப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"நாக்குல என்ன?"

"உப்புத்தண்ணி. பதம் பாக்கறேன். இத்தனை வருஷமா இதைத்தானே பண்றேன்?"

"முழுங்கறியா?"

"பின்ன துப்பவா? மீன் ஊறுற இடத்துல யாராவது துப்புவாங்களா?"

"உப்பு எதுலயாவது சேருதான்னு டாக்டர் கேட்டாங்களே. சொன்னியா நீ?"

"சாப்பாட்டுல சேருதான்னுதான் கேட்டாங்க." அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "இது சாப்பாடு இல்லங்க. இது வேலை."

கொட்டகையே ஒரு நிமிஷம் கத்தியை நிறுத்தியது. முதலில் சிரித்தது மச்சினி. "மாமா மாசக் கணக்கா பித்தான் ஜாடிக்குக் காவல் இருந்திருக்கார்" என்றாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஒருத்தி மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூடை தூக்குகிறவள் மட்டும் சிரிக்காமல் தன் விரலைப் பார்த்தாள். அவளும் அவ்வப்போது பதம் பார்க்கிறவள்தான்.

"வேலைன்னு உன் ரத்தத்துக்குத் தெரியுமா?" என்றார் டெய்லர். கோபப்பட்டுத்தான் ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கண் கலங்கியது. "ரொட்டிய எல்லாம் தூக்கிப் போட்டேனே. பிள்ளையோட சிப்ஸ தூக்கிப் போட்டேனே. இனிமே நாக்குல வைக்காத, சொல்லிட்டேன்."

"அப்ப பதம் எப்படித் தெரியும்?" அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "ஏற்கனவே மீன் கெடுதுங்க. எல்லாரும் என் நாக்கைத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க. முன்னல்லாம் ஒரு தடவை வச்சா போதும், தெரிஞ்சிடும். இப்ப நாலு தடவை வச்சாலும் சந்தேகமா இருக்கு. பாக்காம எப்படி விடறது?"

"அதுக்காக உயிரை விடுவியா?" என்று கையை வீசினார் டெய்லர். அந்தக் கையில்தான் பை இருந்தது. ஒரு முட்டை எகிறி நேராகத் தொட்டியில் விழுந்தது. மேடைக்குப் பக்கத்திலிருந்த தொட்டி அது. முட்டை ஒரு முங்கு முங்கி மேலே வந்து, ஓட்டின் ஒரு வட்டம் தண்ணீருக்கு வெளியே தெரிய ஆடி ஆடி மிதந்தது.

"போச்சு" என்றாள் மச்சினி. "மாமா, கெட்டுப்போன முட்டைய வாங்கிட்டு வந்திருக்கீங்க. மிதக்குது பாருங்க."

டெய்லருக்கு மனைவியின் பிரஷரே ஒரு கணம் மறந்துபோயிற்று. "யார் வாங்கின முட்டை கெட்டது? ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்து வாங்கினது. ஒரு வாளி நல்ல தண்ணி கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். முட்டையை எடுத்து வாளியில் போட்டார். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. "பாத்தீங்களா?" என்றார். எடுத்துத் தொட்டியில் போட்டார், மிதந்தது. வாளியில் போட்டார், மூழ்கியது. அவருக்கே ஆச்சரியம். வீட்டில் எத்தனையோ முட்டையை இப்படித் தண்ணீரில் போட்டுப் பார்த்தவர், உப்புத்தண்ணியில் போட்டதில்லை. நடந்து உப்பக்கா கலக்கிய முதல் தொட்டிக்குப் போய் அதில் போட்டார்.

முட்டை மெதுவாக இறங்கி அடியில் படுத்துக்கொண்டது.

சிரிப்பு நின்றது. "அது நான் இப்பதான் கலக்கினது" என்றாள் உப்பக்கா.

"மிதந்துச்சே, அந்தத் தொட்டிய கலக்கினது யாரு?"

"நான்தான்" என்றாள் மச்சினி. "நேத்து அக்கா வர நேரமாச்சு. எவ்வளவு போடறதுன்னு தெரியாம கை போன போக்குல கொட்டினேன். அக்கா திட்டினா, ஏகத்துக்குக் கரிக்குதுன்னு."

உப்பக்கா முதல் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். டெய்லர் தடுப்பதற்குள் வைத்துவிட்டாள். "இது கரிக்குதுங்க. சரியாத்தான் இருக்கு." தங்கச்சியைக் கூப்பிட்டாள். தங்கச்சி ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, "அக்கா, இதுல என்னக்கா இருக்கு? கருவாட்டுக்குப் பத்தாதுக்கா" என்றாள். கூடைக்காரியும் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள்.

டெய்லருக்கு இரண்டு நாளைக்கு முன் நடந்தது ஞாபகம் வந்தது. மகள் ஹோட்டலில் வாங்கிய பொரித்த மீனைக் கடித்துவிட்டு, ஒரே உப்பு என்று துப்பினாள். முன்பு அதே கடையில் இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கித் தின்றவள்.

"உன் நாக்கு மாறிடுச்சும்மா" என்றார். "உப்பே இல்லாம சாப்பிட்டு சாப்பிட்டு, துளி பட்டாலும் உனக்குப் பெருசாத் தெரியுது. கரிக்குதுன்னு நிறுத்திடற. அங்க உப்பு பத்தல. மீன் கெட்டதும் சந்தேகம் வந்து இன்னும் நக்கற. நான் வீட்டுல எடுத்தத நீ இங்க வாங்கிக்கற."

உப்பக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். பிரஷர் என்று சொன்னபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. "அப்ப மீனைக் கெடுத்தது நான்தான்" என்றாள்.

"நீ இல்ல. உன் நாக்கைக் கெடுத்தவன் நான். வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் திட்டிக்கலாம். இப்ப எழுந்திரு. எத்தனை கூடை போட்டா அந்த முட்டை எந்திரிக்குதுன்னு பாப்போம்."

போட்டார்கள். ஒரு கூடைக்கு முட்டை அசையவில்லை. இன்னொன்றுக்கு அடியில் நின்றவாக்கில் தலை தூக்கியது. பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். "வருது, வருது" என்றாள் ஒருத்தி, பிரசவம் பார்க்கிறவள் போல. இன்னொரு கூடை. முட்டை எழும்பி மேலே வந்து, மச்சினி தொட்டியில் தெரிந்த அதே வட்டத்தைக் காட்டியது. கைதட்டினார்கள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

"மீன் கொட்டகையில கோழி முட்டைக்கு என்ன வேலை?"

"இனிமே இதுதான் முதலாளி பதம் பாக்கும்" என்றாள் உப்பக்கா. எழுந்து நின்றுதான் சொன்னாள். "என் நாக்கு இப்போதைக்கு சரியில்ல. மீன் கெட்டதுக்குக் காரணம் அதுதான். உப்பு வியாபாரி மேல தப்பில்ல."

முதலாளி முட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஒரு தொட்டிய காயப்போட்டுப் பாக்கலாம். சரியா வந்தா முட்டைக்கு நான் காசு தரேன்" என்றார்.

சரியாகத்தான் வந்தது. வெயிலும் ஒத்துழைத்தது. தட்டியிலிருந்து எடுத்த மீனை உப்பக்கா விரலால் சுண்டினாள். பலகையைத் தட்டினாற்போல் சத்தம் வந்தது. அன்று அவள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று "ஏங்க, பசிக்குது" என்றபோது, டெய்லர் மெஷினை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினார். ஊசி துணியிலேயே குத்தி நின்றது.

விரலை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. கை தண்ணீரில் பட்டால் தானாக வாய்க்குப் போகும். பாகற்காயை அரைத்து விரலில் பூசு என்றாள் தங்கச்சி. கடைசியில் உப்பக்கா முழங்கைவரை வருகிற ரப்பர் உறை ஒன்றை மாட்டிக்கொண்டாள். அதோடும் இரண்டு தரம் நக்கிவிட்டு, ரப்பர் நாற்றத்தில் முகத்தைச் சுளித்தாள். அதன்பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டெய்லர் தேய்த்த சட்டையெல்லாம் போடவில்லை. எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் என்று கசங்கினதையே மாட்டிக்கொண்டார். நர்சம்மா அமுக்கினாள். மறு கையில் சுற்றினாள். டெய்லர் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இருந்த இதயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு கையிலயும் இறங்கியிருக்கு" என்றாள் நர்சம்மா.

"வேணும்னா கால்லயும் பாருங்க" என்றாள் உப்பக்கா.

டாக்டர் முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. "சாப்பாட்டைக் கேட்டேன், என்ன வேலைன்னு கேட்டேன், அந்த வேலைய எப்படி செய்யறீங்கன்னு கேக்கல. அது என் தப்பு" என்றார். "மாத்திரைய நிறுத்திடாதீங்க. மாசாமாசம் வரணும். வேலைக்குப் போகலாம்." டெய்லர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் உப்பை மொத்தமா ஒழிச்சீங்க? குறைக்கத்தானே சொன்னேன்? மூணு பேருக்கும் சேர்த்துக் கொஞ்சமா போடலாம். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"பழகிட்டோம் டாக்டர்" என்றார் டெய்லர்.

"அவரு பழகிட்டார்" என்றாள் உப்பக்கா.

வெளியே வந்ததும் காற்று மாறியிருந்தது தெரிந்தது. ஈரக் காற்று. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உப்பக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். தட்டி முழுக்க மீன் கிடக்கிறது, மழை விழுந்தால் அத்தனையும் வீண்.

டெய்லர் வாயைத் திறந்தார். மெதுவா என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. இத்தனை மாதமாக வாசற்படி இறங்கினாலும் சொன்ன சொல். அவள் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். நன்றாக ஓடினாள். அவர் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுப் பின்னால் ஓடினார்.

கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தட்டிகளை உள்ளே தூக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் துளிகள் மணலில் விழுந்தன. உப்பக்கா ஒரு தட்டியின் முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கு ஆள் தேடினாள். அவர் போய்ப் பிடித்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. வியர்த்திருந்தது, சிவக்கவில்லை. கண் தெளிவாக இருந்தது. அவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னையே என்ன பாக்கறீங்க?" என்றாள் அவள். "தூக்குங்க, மழை வருது."

அவர் தூக்கினார். அவள் பின்பக்கமாகவே விறுவிறுவென்று நடந்தாள், அவர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சிரித்துக்கொண்டே போனார்.